டியூன் தொடரில் காணாமற்போன ஒரு சொல்

பதிவு நீளம். ப்ளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2024 நவம்பர், டிசம்பர் மாதங்களில் எங்கள் ஆசிரியர் அறையிலும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலும் ஓயாமல் நடந்த வாக்குவாதம் பாராளுமன்றத் தேர்தலைப் பற்றியது என்று பலர் நினைத்திருப்பீர்கள். தேர்தல் சண்டை நவம்பர் 14ஆம் திகதியோடு ஓய்ந்துவிட்டது. அதற்கு மூன்று நாள் கழித்து அமெரிக்காவில் தொடங்கிய 'டியூன்: ப்ரொபெசி' என்ற தொலைக்காட்சித் தொடர்தான் எங்களைப் பிரித்துப் போட்டது. நாங்கள் என்றால், முஸ்லிம் ஆசிரியர்கள் மூன்று பேர், தோட்டத்தில் பிறந்து படித்து வந்த கணித ஆசிரியர் ஒருவர், ஆங்கிலம் படிப்பிக்கும் டீச்சர், உயர்தர மாணவர்கள் நாலைந்து பேர், கட்டாரில் வேலை முடிந்து நடுச்சாமத்தில் குரல் பதிவு அனுப்பும் பழைய மாணவர் ஒருவர்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஃப்ராங்க் ஹெர்பர்ட் என்ற அமெரிக்கர் 1965இல் 'டியூன்' என்ற நாவலை வெளியிட்டார். சுமார் இருபது பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிறகு, வாகனத் திருத்தக் கைநூல்களுக்குப் பேர்போன சில்டன் என்ற கம்பனிதான் அதை அச்சடித்தது. அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகம். அங்கே மட்டும் கிடைக்கும் 'ஸ்பைஸ்' என்ற சரக்கு. அதற்காக அடித்துக்கொள்ளும் பிரபுக் குடும்பங்கள். அந்த மண்ணிலேயே ஒவ்வொரு துளித் தண்ணீரையும் எண்ணிச் செலவழித்து வாழும் ஃப்ரெமன் மக்கள். இதை வைத்து டெனி வில்நெவ் 2021இலும் 2024இலும் இரண்டு படங்கள் எடுத்தார். அந்தப் படங்களிலிருந்து கிளை விட்டதுதான் இந்தத் தொடர். படக்கதைக்குச் சுமார் 10,000 வருடங்களுக்கு முன்னால் நடக்கிறது. வாரம் ஒன்றாக ஆறு பாகங்கள், டிசம்பர் 22ஆம் திகதி முடிந்தது.

தெமோதரைக்கு இது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். தபு வழியாக வந்தது. 'காதல் தேசம்' வந்த 1996இல் பிறக்காத பிள்ளைகளுக்கும் தபுவைத் தெரியும், வீட்டில் அம்மாமார் இன்னும் அந்தப் பாட்டுகளைக் கேட்கிறார்கள். "எங்கட தபு ஹொலிவூட் தொடர்ல வாறாவாம்" என்ற ஒரு செய்தி போதுமாக இருந்தது. முதல் மூன்று பாகங்களிலும் தபு தலையைக் காட்டவே இல்லை. காத்திருந்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் கதைக்குள் விழுந்துவிட்டார்கள். மீதிப்பேர் கைவிட்டுவிட்டார்கள். நவம்பர் கடைசியில் மழை கொட்டி, உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதிதான் மறுபடி தொடங்கியது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பெற்றோருக்கு நாங்கள் இன்னும் சொல்லி வருகிறோம்.

முதல் சண்டை, தகப்பன் எழுதியதா, மகன் எழுதியதா என்பதில். ஹெர்பர்ட் டியூன் வரிசையில் ஆறு நாவல்கள் எழுதிவிட்டு 1986இல் இறந்துபோனார். பிறகு மகன் ப்ரையன் ஹெர்பர்ட், கெவின் ஜே. ஆண்டர்சன் என்பவரோடு சேர்ந்து முன்கதைகளை எழுதிக் குவித்தார். தொடர், அவர்களுடைய 2012ஆம் ஆண்டு நாவலான 'சிஸ்டர்ஹுட் ஒஃப் டியூன்' என்பதிலிருந்து எடுத்தது. இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. தகப்பனுடைய நூலில், ஒரு காலத்தில் மனிதர்கள் யோசிக்கிற வேலையை இயந்திரங்களிடம் ஒப்படைத்தார்கள், விடுதலை கிடைக்கும் என்று நம்பி. நடந்தது என்னவென்றால், இயந்திரம் வைத்திருந்த மனிதர்கள் மற்ற மனிதர்களை அடிமையாக்கினார்கள். மகனுடைய நூல்களில் இயந்திரங்களே எஜமான்கள் ஆகிவிடுகின்றன. தொடரும் ரோபோக்களோடுதான் தொடங்குகிறது. ஆங்கில டீச்சர் தகப்பன் கட்சி. ரோபோவைக் காட்டியவுடன் குற்றவாளி மனிதன் இல்லை என்று ஆகிவிடுகிறது, எல்லாருக்கும் நிம்மதி என்று அவர் சொன்னார். மாணவர்களுக்கு ரோபோ பிடித்திருந்தது. (இயந்திரத்திடம் யோசனையை ஒப்படைப்பதன் ஆபத்தைப் பற்றி ஒரு மாணவர் அருமையான கட்டுரை ஒன்று கொண்டுவந்தார். போனிடம் கேட்டு எழுதியது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்தது.)

இரண்டாவது சண்டை ஸ்பைஸ் எது என்பதில். ஆங்கில டீச்சர் பெற்றோல் என்றார். பாலைவனம், வெளிநாட்டுக் கம்பனிகள், போக்குவரத்து முழுவதும் அந்த ஒரே சரக்கில் தங்கியிருப்பது எல்லாம் பொருந்துகிறது. தோட்டத்துத் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "பெற்றோல நாங்க செட்லதான் பாத்திருக்கோம் மிஸ். ஸ்பைஸ்னா கொழுந்துதான். ஒரே பயிரு, கொழுந்து எடுக்கிறவங்க ஒரு சாதி, நிறுக்கிறவங்க ஒரு சாதி, வாங்கிக் குடிக்கிறவங்க வேற கெரகத்துல." அதற்குமேல் யாரும் பேசவில்லை. எங்கள் பக்கத்து மலைகளில் கோப்பி போய்த் தேயிலை வந்த கதையை வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறோம், இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இந்த இரண்டு சண்டையும் உலகம் முழுக்க இந்தத் தொடரின் ரசிகர்கள் பிடித்த சண்டைகளுக்குக் கிட்டத்தட்ட ஒத்தவை. மூன்றாவதும் அப்படித்தான், ஆனால் எங்களுக்குள் அது வேறு மாதிரி முடிந்தது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

டியூன் நூலைத் திறந்த முஸ்லிம் வாசகர் எவருக்கும் முதலில் வருவது ஆச்சரியம். மஹ்தி என்று வருகிறது. லிசான் அல்-கைப் என்று வருகிறது, மறைவானதன் நாக்கு. ஃப்ரெமன் மக்களுடைய வேத நூலும் பிழைக்கும் வழி சொல்லும் நூலும் ஒன்றாகச் சேர்ந்தது 'கிதாப் அல்-இபர்', அது பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் எழுதிய வரலாற்று நூலின் பெயர். கதாநாயகன் ஏற்றுக்கொள்ளும் பெயர் முஅத்திப். நாவலில் அது ஒரு பாலைவன எலியின் பெயர், அரபியில் ஒழுக்கம் படிப்பிக்கும் ஆசிரியர் என்று பொருள். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, எலியும் ஆசிரியரும் ஒன்றுதான், சம்பளத்தைப் பார்த்தால் தெரியும் என்றார் கணித ஆசிரியர். கௌகஸஸ் மலைகளில் ரஷ்யப் பேரரசை எதிர்த்துப் போராடிய இமாம் ஷாமிலைப் பற்றி லெஸ்லி பிளாஞ்ச் 1960இல் எழுதிய நூலிலிருந்தும் ஹெர்பர்ட் நிறைய எடுத்திருக்கிறார். எங்கள் பழைய சொற்களை ஒருவர் இருபதாயிரம் வருடம் தள்ளிக் கொண்டுபோய் வைத்திருப்பதைப் பார்க்கும்போது வருகிற உணர்வு ஒரு கலவை. நம் வீட்டுச் சாமானை அடுத்தவர் வீட்டு வரவேற்பறையில் பார்ப்பது போல.

அந்தச் சாமான்களில் ஒன்று ஜிஹாத் என்ற சொல்.

நூலில் அது இரண்டு இடத்தில் கனமாக வருகிறது. ஒன்று, கதாநாயகன் போல் அட்ரைடிஸின் பெயரால் ஃப்ரெமன்கள் தொடங்கும் போர். அது கொடூரமானது. இரண்டாவது நாவலில் கணக்குச் சொல்லப்படுகிறது: 6,100 கோடி உயிர்கள். மற்றது 'பட்லேரியன் ஜிஹாத்', முன்னே சொன்ன இயந்திர அடிமைத்தனத்தை உடைத்த பழைய எழுச்சி. அந்தக் கதையுலகில் மனிதன் தன் மூளையைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை அதிலிருந்துதான் வருகிறது. ஒரே சொல், ஒரு பக்கம் பேரழிவு, ஒரு பக்கம் விடுதலை. ஹெர்பர்ட் எங்களுக்குப் பரிந்து எழுதியவர் அல்ல. ஆனால் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்பதையாவது விட்டுவைத்தார்.

திரையில் இரண்டும் போய்விட்டன. 2020இல் முதல் படத்தின் முன்னோட்டம் வந்தபோது அதில் சிலுவைப் போரைக் குறிக்கும் 'க்ரூசேட்' என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள், ரசிகர்கள் அப்போதே கொதித்தார்கள். படத்தில் அது 'புனிதப் போர்' ஆனது. இந்தத் தொடரோ பட்லேரியன் ஜிஹாத் முடிந்த காலத்தைப் பற்றியே எடுக்கப்பட்டது. அதன் வாயிலேயே அந்தப் பெயர் வரவில்லை, இயந்திரங்களுக்கு எதிரான போர் என்று போய்விட்டது. கட்டாரிலிருந்து குரல் பதிவு வந்தது: "சேர், கதைட பேரயே வெட்டிட்டு கதைய எடுத்திரிக்கானுகள்."

வெட்டியது நல்லது என்ற கட்சியில் எங்களில் இரண்டு பேர், இரண்டு பேரும் முஸ்லிம்கள். அவர்கள் சொன்ன நியாயம் லேசாகத் தள்ளக்கூடியது அல்ல. உலகம் முழுக்கப் பார்க்கப்போகும் ஒரு தொடரில் அந்தச் சொல் வந்தால் யாருக்கு அடி விழும்? தொடரை எடுத்தவர்களுக்கா, பஸ்ஸில் போகும் எங்கள் பிள்ளைகளுக்கா? மற்றக் கட்சியில் ஆங்கில டீச்சர், தோட்டத்துத் தம்பி, கட்டார்காரர். சொல்லை எடுத்தால் அதன் நல்ல முகமும் சேர்ந்து போகிறது, மிஞ்சுவது செய்தியில் வருகிற முகம் மட்டும்தானே என்பது அவர்கள் வாதம். வெள்ளிக்கிழமை குத்பாவில் நஃப்ஸோடு போராடுவதற்கும் பிள்ளையைப் படிப்பிக்க ஒரு தாய் படும் பாட்டுக்கும் கூட அந்தச் சொல்லையே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இவ்வளவையும் பேசும்போது ஒன்றைத் தம்பிதான் கவனித்தார். "ஏன் சேர், நீங்க மூணு பேரும் அந்த வார்த்தைய மட்டும் மெல்லமா சொல்றீங்க?"

உண்மை. கதவு திறந்திருந்தது, நாங்கள் குரலை இறக்கித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த பழக்கம். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அத்தனை உயிர்களைக் கொன்றவர்கள் எங்கள் பெயரையும் சொற்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்து வந்த வாரங்களில் வீடு வீடாகத் தேடுதல். எங்களில் ஒருவருடைய வீட்டில், உம்மாவின் துஆ கிதாபைப் புரட்டிப் புரட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டார்கள். கேட்டவருக்கு அரபி தெரியாது, பதில் சொன்ன உம்மாவுக்குச் சிங்களம் சரியாக வராது. ஒன்றும் நடக்கவில்லை, போய்விட்டார்கள். உம்மா மட்டும் அந்தக் கிதாபை அரிசி வாளிக்கு அடியில் வைக்கத் தொடங்கினார். அவர் மௌத்தாகும்வரை அது அங்கேதான் இருந்தது.

தம்பிக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும். ஆகவே அவருக்கு இரண்டு பேரின் கதையைச் சொன்னோம். இரண்டும் நீதிமன்றம் வரை போய் முடிந்தவை, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலாவது ரம்ஸி ராஸிக். ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், இனவாதத்துக்கு எதிராகத் தொடர்ந்து முகநூலில் எழுதியவர். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், முஸ்லிம்கள் மீது அள்ளிவீசப்பட்ட வெறுப்புக்குப் பதிலாகச் 'சிந்தனை ஜிஹாத்' ஒன்று வேண்டும், அதன் ஆயுதம் பேனாவும் விசைப்பலகையும் என்ற பொருளில் ஒரு பதிவு போட்டார். ஆயுதம் பேனா என்று அவரே சொல்லியிருந்தும் சில நாட்களில் கைது செய்யப்பட்டார். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்து, செப்டெம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

இரண்டாவது அஹ்னாப் ஜஸீம். எங்களைப் போல ஓர் ஆசிரியர், தமிழில் எழுதும் கவிஞர். அவருடைய 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் உள்ள தொகுப்பு அது. தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரும் அரை மணித்தியாலத்தில் தீர்த்திருக்கக்கூடிய சந்தேகத்துக்காக அவர் பத்தொன்பது மாதம் சிறையில் இருந்தார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை.

கேட்டுக்கொண்டிருந்த கணித ஆசிரியர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் 'இயக்கம்' என்ற தமிழ்ச் சொல்லை பண்டாரவளை பஸ்ஸில் யாரும் வாயால் சொல்லமாட்டார்களாம். பௌதிகத்தில் இயக்கம் என்று ஒரு பாடமே இருக்கிறது, அதற்குக்கூட ட்யூஷன் பிள்ளைகள் இங்கிலீஷில் 'மோஷன்' என்பார்களாம். 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ முகாமில் அடைத்து வைத்திருந்த தமிழ் இளைஞர்களை அடித்துக் கொன்ற செய்தி வந்தபோது, அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது என்று எல்லாருக்கும் விளங்கியது. அவரும் நாங்களும் எத்தனை வருடம் ஒரே மேசையில் சோற்றுப் பார்சல் பிரித்திருக்கிறோம். இதை அவர் அன்றைக்குத்தான் சொன்னார். நாங்களும் அரிசி வாளிக் கதையை அவருக்கு முன்னால் அன்றைக்குத்தான் சொன்னோம். ஒரு வெளிநாட்டுத் தொடரில் ரோபோ வந்தது சரியா பிழையா என்று தொடங்கிய பேச்சு அங்கே போய் நின்றது.

இத்தோடு முடிந்திருந்தால் பதிவு எழுதியிருக்க மாட்டோம். தம்பி இந்த வருடம் மாணவர்களின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். தலைப்பு 'கொழுந்துக் கிரகம்'. டியூனையும் தோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருந்தார், மூன்று பக்கம், போனிடம் கேட்காத தமிழ். இரண்டாவது பக்கத்தில் 'பட்லேரியன் ஜிஹாத்' என்று தெளிவாக எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தார். கூடவே படம். பத்தாம் ஆண்டில் படிக்கும் முஸ்லிம் பிள்ளை ஒன்று வரைந்தது. கொழுந்துக் கூடையைச் சுமந்த ஒரு பெண், பின்னால் மணல் மலை, அதன் நடுவே எங்கள் ஒன்பது வளைவுப் பாலம். பாலத்துக்கு ஒரு வளைவு கூடிப்போய்விட்டது, எண்ணிப் பார்த்தவர்கள் சிரித்தோம்.

சஞ்சிகைக் குழுவில் மறுபடி அதே சண்டை, இந்தத் தடவை மெய்யாக. வெட்டச் சொன்னவர்கள் சொன்னார்கள்: எழுதிய பிள்ளைக்கு ஒன்றும் வராது, பக்கத்தில் படம் போட்ட பிள்ளையின் பெயரைத்தான் பார்ப்பார்கள். விடச் சொன்னவர்கள் சொன்னார்கள்: உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் நாங்களே வெட்டினால் அந்தத் தீர்ப்பு யாருக்காக? நடுவில் ஆங்கில டீச்சர் நாவலைக் கொண்டுவந்து பின்பக்கச் சொல்லகராதியைத் திறந்தார். அங்கே ஹெர்பர்ட்டே அந்தப் போருக்கு இன்னொரு பெயரும் கொடுத்திருக்கிறார், மாபெரும் கிளர்ச்சி என்று. அதைப் போட்டால் எல்லாருக்கும் வசதி. தம்பியிடம் கேட்டோம். இரண்டையும் எழுதுகிறேன், நூலில் இரண்டும் இருக்கிறதே என்றார். அப்படியே எழுதினார், கோடும் அப்படியே நின்றது. நாங்கள் சம்மதித்தோம். எங்களில் ஒருவர் இன்னமும் சம்மதமில்லை, அவர் கையெழுத்துப் போட்டது எங்களுக்காக.

இரண்டு நாள் கழித்து படம் வரைந்த பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்தார். கோபமாக வரவில்லை. கட்டுரையை முழுவதும் வாசித்திருந்தார், நல்லா எழுதியிருக்கு சேர் என்றார். படம் இருக்கட்டும், மகளின் பெயரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். "நாங்க டவுன்ல கட வெச்சிரிக்கிற ஆக்கள் சேர். உங்களுக்குத் தெரியும்தானே." எங்களுக்குத் தெரியும். பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் உம்மாவோடு பேசிப் பார்த்தார், அவர் மறுபடியும் அதையே மெதுவாகச் சொன்னார்.

பெயரை எடுத்துவிட்டோம். கைச்சஞ்சிகை என்பதால் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டி, 'ஆண்டு 10' என்று எழுதியிருக்கிறது. பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தோம். சரி சேர் என்றது. பாலத்தில் கூடிப்போன அந்த ஒரு வளைவைத் திருத்தித் தரவா என்று கேட்டது. வேண்டாம் என்றோம்.

சஞ்சிகை வாசிகசாலை மேசையில் இருக்கிறது. வெளியே கொண்டுபோக முடியாது, இருந்து வாசிக்கலாம். பழைய மாணவர்கள் ஊருக்கு வந்தால் ஒரு தடவை வந்து 'கொழுந்துக் கிரகம்' வாசியுங்கள், தம்பிக்குச் சந்தோஷமாக இருக்கும். தொடரின் இரண்டாவது பருவத்தையும் டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். அதில் தபு வருவாரா என்று கட்டாரிலிருந்து இப்போதே கேள்வி வந்திருக்கிறது.